முள்ளடி ஈரம்

நான் கோப்பாயான். எங்கள் வீட்டு அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை. அப்படிப்பட்டவனை 1931இல் பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதாகோயிலடி உபதபாற்கந்தோருக்கு மாற்றினார்கள். கந்தோரின் பின்யன்னலைத் திறந்தால் கருவாடு. முன்யன்னலைத் திறந்தாலும் கருவாடு. இரண்டையும் சாத்திவிட்டால் மனிதன் அவிந்துபோவான். முதல் மாதம் முழுவதும் மூக்கின் கீழே சந்தனத்தை அப்பிக்கொண்டு முத்திரை விற்றேன். சனம் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும், மூக்கு என்னுடையது.

அந்தக் கருவாட்டுக்கு உடையவர் லூர்த்தம்மா. அவரைப் பற்றி எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். வழக்கம்போல என்னைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். லூர்த்தம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம். இரண்டு ஆண்பிள்ளைகள், மூத்தவன் சந்தியோகு, இளையவன் சிமியோன். கரைக்கு வரும் மீனில் மிஞ்சியதை வாங்கி, பிளந்து, உப்பிட்டு, காயவைத்து, பருத்தித்துறைச் சந்தையில் விற்றுத்தான் அவர்களை வளர்த்தார். எழுத்து வாசிப்புத் தெரியாது. அந்தக் குறையை வாய் தீர்த்துவைத்தது.

கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணற்றரை இருந்தது. பகலில் அது லூர்த்தம்மாவின் ஓலைப்பாய்களுக்கு; மாலை நாலரைக்குப் பிறகு உதைபந்தாட்டக்காரருக்கு. ஆனால் எல்லாப் பாயையும் அவர் சுருட்டமாட்டார். தெற்குப் பக்கத்துக் கடைசிப் பாய் ஆறு மணிமட்டும் அங்கேயே கிடக்கும். கழகத்தின் சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் தெற்குப் பக்கத்து எல்லைக்கோடு லூர்த்தம்மாவின் பாய்தான். பந்து பாயில் விழுந்தால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். உதைத்தவன் வந்து, சிதறிய கருவாட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண் தட்டி, பழையபடி பரப்பினால்தான் பந்து திரும்பும். எங்கள் ஆட்டக்காரர் தெற்குப் பக்கத்தில் மட்டும் பந்தை மிகப் பவுத்திரமாக வைத்திருப்பார்கள் என்று மற்றக் கரைக்காரர் ஆச்சரியப்படுவதுண்டு. நாங்கள் காரணத்தைச் சொல்வதில்லை.

நான் வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டவனல்லன். கையெழுத்து நல்லது, இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதுவான் என்ற குற்றத்துக்காக, வந்த ஆறாம் மாதமே என்னை மாதாகோயிலடி உதைபந்தாட்டக் கழகத்துக்குக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். தலைவர், கரைவலை வைத்திருந்த சம்மாட்டியார். கழகத்தில் இரண்டு கன்னை, அதாவது இரண்டு அணி. பெரிய கன்னை மற்றக் கரைகளோடு மோதும். வருடத்தில் ஒருமுறை பட்டணத்து முற்றவெளிக்குப் போய்ப் பெரிய கேடயத்துக்கு ஆடும். சின்னக் கன்னை வளருகிற பொடியன்களுக்கு. சின்னக் கன்னையிலிருந்து யாரைப் பெரிய கன்னைக்கு எடுப்பது, எப்போது எடுப்பது என்பதுதான் எங்கள் ஊரின் அரசியல். இரண்டு கலியாணம் அதனால் முறிந்திருக்கிறது, ஒரு காணி வழக்கு முளைத்திருக்கிறது.

ஆவணியில் மாதா திருநாள் முடிந்ததும் செயற்குழு பூவரசமரத்தின் கீழே கூடும். பதினொரு பேர் இரண்டு மணித்தியாலம் தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் போன முதல் வருடமும் கத்தினார்கள். நான் விழுந்து விழுந்து எழுதினேன். கடைசியில் சம்மாட்டியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“சரி, கத்தினது காணும். ஆராவது போய் லூர்த்தம்மாவிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினொரு ஆம்பிளைகள், அதிலே ஒருவர் சம்மாட்டியார், ஒருவர் கோயில் மூப்பர். இவர்கள் முடிவு எடுக்க ஒரு கருவாட்டுக்காரியிடம் ஆள் அனுப்புவதா? ஆள் போனான், வந்தான். “முதலாவது பேர் காய்ஞ்சிட்டானாம். ரெண்டாவது பேருக்கு ஈரம் கிடக்காம்” என்றான். முதலாமவனை எடுத்தார்கள், இரண்டாமவனை விட்டார்கள், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நான் கூட்ட அறிக்கையில் ‘குழு ஏகமனதாகத் தீர்மானித்தது’ என்று எழுதினேன். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அடுத்த நாள் சந்தைப் பெட்டியோடு கந்தோருக்கு வந்த லூர்த்தம்மாவிடமே கேட்டேன். அந்தக் காலத்தில் நான் அவரை ‘நீர்’ என்றுதான் கதைப்பேன். கந்தோர் உத்தியோகம் என்ற கொழுப்பு.

“உமக்கு உதைபந்தாட்டம் தெரியுமோ?”

“தெரியாது, தபாலையா.”

“பேந்து எப்பிடிச் சொல்லுறீர்?”

லூர்த்தம்மா பெட்டியிலிருந்து பிளந்த கட்டாக் கருவாடு ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் கதிரையோடு இரண்டடி பின்னால் போனேன்.

“தொட்டுப் பாருங்கோ.”

“நான் தொடமாட்டன்.”

“சரி, பாக்கவாவது பாருங்கோ. மேலை நல்லா மினுங்குது, என்ன? காய்ஞ்ச மாதிரித்தான் கிடக்கு. ஆனா இந்த முள்ளடியிலை பெருவிரலாலை அமத்தினா ஈரம். இதை இப்ப மூட்டை கட்டினா நாலாம் நாள் புழு. பொடியங்களும் அப்பிடித்தான். பந்து காலிலை நிக்கேக்கை எல்லாரும் மினுங்குவினம். நான் அப்ப பாக்கிறேல்லை. பந்தை மற்றவன் பறிச்ச பிறகு என்ன செய்யிறான் எண்டு பாப்பன். விழுத்திப்போட்டா எழும்பி ஆரைப் பாக்கிறான் எண்டு பாப்பன். என்ரை பாயிலை பந்து விழுந்தா வந்து பொறுக்கிற பொறுக்கைப் பாப்பன். அங்கை தெரிஞ்சிடும் முள்ளடி.”

இதை நான் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன். அதோடு நின்றிருந்தால் நல்லது. என் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடம் வஸ்தியான் என்றொரு பொடியன் சின்னக் கன்னையில் சூறாவளியாய் ஆடினான். பதினாறு வயது. ஒரு ஆட்டத்தில் ஐந்து கோல். “ஈரம்” என்றார் லூர்த்தம்மா. நான் எழும்பி நின்று, இது இருபதாம் நூற்றாண்டு, கருவாட்டைப் பார்த்து ஆள் எடுக்கிற கழகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று பேசினேன். நல்ல பேச்சு. கை தட்டினார்கள். வஸ்தியானை எடுத்தோம்.

மேலைக்கரையோடு ஆட்டம். அவர்கள் எங்களுக்குப் பரம்பரைப் பகை. பத்தாவது நிமிடத்தில் தாடி வளர்த்த ஒருவன் வஸ்தியானை இடறி விழுத்தினான். சனம் கூவியது. வஸ்தியான் எழும்பி விசில் ஊதுகிற றெபறியைப் பார்த்தான், சனத்தைப் பார்த்தான், பிறகு அழுதான். இடைவேளையில் வயிற்றுக்குத்து என்று போனவன் திரும்பி வரவேயில்லை. ஒரு வருடம் திடல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவனைத் திரும்பக் கூட்டிவந்ததும் லூர்த்தம்மாதான். ஒருநாள் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தவனைக் காதில் பிடித்து இழுத்துவந்து, “உவனை இன்னும் ஒரு வருசம் சின்னக் கன்னையிலை விடுங்கோ, பேந்து எடுங்கோ” என்று என்னிடம் ஒப்படைத்தார். அப்படியே செய்தோம். பிறகு பத்து வருடம் எங்கள் பின்வரிசையில் வஸ்தியான் மதில்போல நின்றான்.

அன்று முதல் நான் அவரை ‘நீங்கள்’ என்றும் ‘அக்கா’ என்றும் கூப்பிடத் தொடங்கினேன். ‘ஏகமனதாகத் தீர்மானித்தது’ என்பதை மட்டும் விடவில்லை.

இனி அவருடைய பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். வஸ்தியான் அழுத அதே வருடத்தில்தான் மூத்தவன் சந்தியோகுவுக்குப் பதினெட்டு முடிந்தது. தாய் தானாகவே பூவரசடிக்கு வந்து, “என்ரை மூத்தவன் காய்ஞ்சிட்டான். எடுங்கோ” என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை. எடுத்தோம். முற்றவெளியில் அவன் ஆடிய ஆட்டத்தைக் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய கிளாக்கர் பார்த்தார். கொக்குவில் மனிதர்; கொழும்பிலே ஒரு கப்பல் கொம்பனியில் உத்தியோகம். அந்தக் கொம்பனிக்கு உதைபந்தாட்டப் பைத்தியம். நல்ல ஆட்டக்காரனைக் கண்டால் வேலையும் கொடுத்துக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். சந்தியோகுவையும் கொத்திக்கொண்டு போனார்கள். ஊரே சந்தோசப்பட்டது. லூர்த்தம்மாவும் சந்தோசப்பட்டார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாததால் சந்தியோகுவின் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். முதல் வருடம் கிழமைக்கு ஒன்று வந்தது. இரண்டாம் வருடம் மாதம் ஒன்று. பிறகு மார்கழி நத்தாருக்கும் ஆவணி மாதா திருநாளுக்கும். பிறகு கலியாணம் செய்துகொண்ட படம் ஒன்று, பின்னால் இரண்டே வரி. ‘பேந்து வாறன்’ என்று எல்லாக் கடிதத்திலும் இருக்கும். இரண்டு தரம்தான் வந்தான், இரண்டு தரமும் இரண்டு நாள். தபாற்காரன் வேலையில் உள்ள கெடுதல் இதுதான். ஒரு பிள்ளை தாயை மறந்து போகிற வேகத்தை நாங்கள் நாள்கணக்கில் அறிவோம். ஒருதரம் எனக்கே பொறுக்காமல், எழுதாத ஒரு வரியைச் சேர்த்து வாசித்தேன்: ‘அம்மாவின் கையிலிருந்த உப்புக் காயம் இப்போது எப்படி?’

லூர்த்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “உது அவன் எழுதேல்லை, தபாலையா” என்றார். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

இளையவன் சிமியோனுக்கு 1935இல் பதினேழு வயது. இடது கால்காரன். பந்து அவன் காலில் வந்தால், வளர்த்த நாய்போலக் கூடவே ஓடும். அது மினுக்கம் மட்டுமல்ல. அவனை விழுத்தினால் மண்ணைத் தட்டிக்கொண்டு பந்து போன திக்கில் ஓடுவான், ஆரையும் பார்க்கமாட்டான். பாயில் பந்து விழுந்தால் சொந்தத் தாயின் பாய்தானே என்று இளக்காரமாய்ப் பொறுக்கமாட்டான். லூர்த்தம்மா எனக்குச் சொல்லித் தந்த அளவுகோல் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். பூவரசடியில் அந்த வருடம் ஒருவரும் கத்தவில்லை. சம்மாட்டியார் மரியாதைக்காகத்தான் ஆள் அனுப்பினார்.

ஆள் திரும்பி வந்து, “ஈரமாம்” என்றான்.

சரி, தாய் சொல்கிறாள், பிள்ளையைப் பற்றித் தாய்க்குத் தெரியாததா என்று விட்டோம். சிமியோனும் “அம்மா சொன்னாச் சரி” என்றான். அந்த வருடம் மேலைக்கரையிடம் தோற்றோம். 1936இல் மறுபடியும் கேட்டோம். மறுபடியும் ஈரம். மறுபடியும் தோற்றோம். சம்மாட்டியார் சால்வையைத் தரையில் அடித்தார். ஆனால் வஸ்தியானின் கதைக்குப் பிறகு லூர்த்தம்மாவின் சொல்லை மீறி ஒருவனை எடுக்கக் குழுவில் ஒருவருக்கும் துணிவில்லை. என்னைத் தூது விட்டார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். கடிதம் வாசிக்கிறவன் நானல்லவா? பெரிய கன்னையில் எடுத்தால் முற்றவெளி. முற்றவெளிக்குப் போனால் கொக்குவில் கிளாக்கர். கிளாக்கர் பார்த்தால் கொழும்பு. கொழும்புக்குப் போனால் பிறகு வருடத்தில் இரண்டு கடிதம். இவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் எனக்கும் கேடயம் வேண்டியிருந்தது. மனிதன்தானே நானும்.

“அக்கா, மெய்யாய்ச் சொல்லுங்கோ. ஈரம் பொடியனிலையோ, உங்களிலையோ?”

“தபாலையா, முத்திரையைக் குத்துங்கோ” என்றார் லூர்த்தம்மா. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நான் முத்திரையைக் குத்தினேன்.

அதற்குப் பிறகு சிமியோன் மெல்ல மாறினான். முதலில் தாயோடு கதைப்பதைக் குறைத்தான். பிறகு பயிற்சிக்குப் பிந்தி வந்தான். பத்தொன்பது வயதிலும், மீசை அரும்பாத பொடியன்களோடு சின்னக் கன்னையில் ஆடிக்கொண்டிருந்தால் ஆருக்குத்தான் மனம் விட்டுப்போகாது? அவனோடு ஒன்றாய்த் தொடங்கினவர்கள் எல்லாம் பெரிய கன்னையில் ஆடி, ஒருவன் கலியாணமும் செய்துவிட்டான்.

1937 ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, எங்கள் சின்னக் கன்னைக்கும் மேலைக்கரைச் சின்னக் கன்னைக்கும் ஆட்டம். ஞாயிறென்றபடியால் திடலில் அந்தத் தெற்குப் பாய் மட்டும்தான் கிடந்தது. அவர்களுடையது எல்லாம் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். சிமியோன் நாலு பேரைச் சுழித்துக்கொண்டு கோலடிக்குப் போனான். கோல்காரப் பொடியனையும் விழுத்திவிட்டான். வெறும் கோல். அங்கே பந்தைக் காலின் கீழே வைத்துக்கொண்டு நின்றான். கோல்காரப் பொடியன் எழும்பி ஓடிவரும்வரை நின்று, வந்ததும் மறுபடி சுழித்து விழுத்தினான். மூன்றாம் தரம் அந்தப் பிள்ளை விழுந்த இடத்திலேயே இருந்து அழத் தொடங்கியது. சிமியோன் மணலில் படுத்துக்கொண்டு தலையால் பந்தை உள்ளே தள்ளினான்.

எங்கள் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். தற்செயலாகத் தெற்குப் பக்கம் பார்த்தேன். லூர்த்தம்மா சிரிக்கவில்லை. எழும்பிப் பாயைச் சுருட்டத் தொடங்கினார். ஆறு மணிவரை கிடக்கிற பாய். அப்போது பகல் பத்தரை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று பின்னேரம் கந்தோரின் பின்பக்கத்து அறையில், நான் சோறு தின்றுவிட்டுச் சரிந்திருந்த நேரத்தில், கதவில் தட்டிக் கேட்டது. லூர்த்தம்மா. கையில் ஒரு சீலாக் கருவாடு. உள்ளே வந்து, அதை இரண்டு கையாலும் முறித்தார். முறியவில்லை, பொடிந்தது. என் மேசை, என் மைக்கூடு, என் வேட்டி எல்லாம் கருவாட்டுத் தூள். வேறொரு நாளாயிருந்தால் நான் எழும்பிக் கத்தியிருப்பேன்.

“பாத்தியளோ? முறுகிப்போச்சு. எடுக்கவேண்டிய நாளிலை எடுக்காமல் விட்டிட்டன். ஈரத்தோடை எடுத்தாப் புழு, கடந்து எடுத்தாத் தூள். ரெண்டும் குப்பைக்குத்தான்.”

“இருங்கோ, அக்கா.”

அவர் இருக்கவில்லை. “காலமை அந்தப் பிள்ளையை அழவைச்சது என்ரை பிள்ளை இல்லை, தபாலையா. அவன் அப்பிடியான பிள்ளை இல்லை. அவனைப் பழுதாக்கினது நான். அவன் காய்ஞ்சு ரெண்டு வருசம். முதல் வருசமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு உங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னனான்.”

“ஏன் எண்டு எனக்குத் தெரியும்.”

“ஓம், உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே வாசிக்கிறியள்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “எனக்குப் பயம். மூத்தவன்ரை கடிதம் போல இவன்ரை கடிதமும் குறைஞ்சு குறைஞ்சு போகும். பேந்து வீட்டிலை நானும் பூனையும்தான். ஆனா ஒரு பிள்ளையை என்ரை பாயிலை வைச்சுத் தூளாக்க எனக்கு மனம் வரேல்லை. எடுங்கோ அவனை. நாளைக்கே எடுங்கோ.”

எடுத்தோம். அந்த ஆவணியில் குழு கூடமுன்பே எடுத்தோம். சிமியோனிடம் நான் போய்ச் சொன்னபோது அவன் நம்பவில்லை. “அம்மாவோ சொன்னவ?” என்று மூன்று தரம் கேட்டான். அடுத்த நாள் விடிய, மேலைக்கரைக்கு நடந்துபோய், அந்தக் கோல்காரப் பொடியனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான் என்று வஸ்தியான் எனக்குச் சொன்னான். முள்ளடி கெடவில்லை என்று நான் நிம்மதிப்பட்டேன்.

புரட்டாதியில் முற்றவெளி. எங்களுக்கும் மேலைக்கரைக்கும் கேடயத்துக்கான கடைசி ஆட்டம். பருத்தித்துறையிலிருந்து பட்டணத்துக்கு இரண்டு பஸ் பிடித்தோம். லூர்த்தம்மா அதுவரை எந்த ஆட்டத்துக்கும் ஊரை விட்டு வந்தவரல்லர். அன்று வந்தார். மடியில் ஒரு கருவாட்டுப் பெட்டி. வழியில் இடம் கேட்டு ஏறிய ஒரு உத்தியோகத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதென்ன நாத்தம்?” என்றார். “இது வெற்றி வாசம், ஐயா, கொஞ்சம் பொறுங்கோ” என்று சொன்னது ஆரென்று நினைக்கிறீர்கள்? நான்தான். கோப்பாய்ச் சைவக்காரன். ஆறு வருடத்தில் மூக்கு எவ்வளவோ பழகிவிட்டது.

இடைவேளைக்குள் மேலைக்கரை ஒரு கோல் போட்டுவிட்டது. அந்தத் தாடிக்காரன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். சிமியோனை மூன்று தரம் இடறினான். மூன்று தரமும் சிமியோன் எழும்பி, மண்ணைத் தட்டி, பந்து போன திக்கில் ஓடினான். இடைவேளைக்குப் பிறகு இடது காலால் ஒன்று போட்டான். முடிய ஐந்து நிமிடம் இருக்க, தானே போட்டிருக்கக்கூடிய இரண்டாவதை, நல்ல இடத்தில் நின்ற வேறொருவனுக்குத் தள்ளிவிட்டான். அவன் போட்டான். இரண்டுக்கு ஒன்று. சம்மாட்டியார் சால்வையை ஆகாயத்தில் எறிந்தார். அது எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

சனத்துக்குள்ளால் நெருக்கிக்கொண்டு கொக்குவில் கிளாக்கர் என்னிடம் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கையில் தொப்பி.

“காரியதரிசியார், அந்த இடது கால் பொடியன் சந்தியோகுவின்ரை தம்பியாமே? இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? கொம்பனிக்கு எடுப்பம் எண்டு நினைக்கிறன். கொழும்பிலை நிண்டுபிடிப்பானோ? ஆள் தயாரோ?”

எனக்குப் பின்னால் நாலடியில் லூர்த்தம்மா பெட்டியோடு நிற்பது தெரியும். கையில் கிடைத்த கேடயத்தைப் பார்த்தேன். வருடத்தில் இரண்டு கடிதத்தை நினைத்தேன். பூனையை நினைத்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் நல்ல பொய் அதுதான்.

“இல்லை, ஐயா. பொடியன் நல்லவன்தான். ஆனா இன்னும் கொஞ்சம் ஈரம் கிடக்கு. ஒண்டு ரெண்டு வருசம் போகட்டும்.”

கிளாக்கர் தலையை ஆட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பினார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஐயா, நில்லுங்கோ. உவர் சைவக்காரன். கருவாட்டைப் பற்றி உவருக்கென்ன தெரியும்?”

லூர்த்தம்மா முன்னுக்கு வந்தார். “நான் அவன்ரை தாய். பொடியன் காய்ஞ்சு ரெண்டு வருசம். கூட்டிக்கொண்டு போங்கோ. கடிதம் போடச்சொல்லி மட்டும் சொல்லுங்கோ.”

கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் கேடயத்தில் எழுதியிருந்ததை வாசிக்கிறமாதிரிக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பொடியன்கள் பாட்டும் கூத்தும். லூர்த்தம்மா எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். கோப்பாய்ச் சந்தி தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

“அக்கா, நான் உங்களுக்காகத்தானே சொன்னனான். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?”

“தெரியும், ராசா.” அதுவரை அவர் என்னை ராசா என்றதில்லை. “ஒருக்காப் பொய் சொல்லி ரெண்டு வருசம் அவனைத் தின்னிட்டன். இன்னொருக்கா உங்களைக்கொண்டு சொல்லுவிச்சா, நான் என்ன தாய்?” பிறகு யன்னல் பக்கம் திரும்பி, நீர்வேலி, அச்சுவேலி, வல்லை வெளி எல்லாம் தாண்டிப் பருத்தித்துறை வரும்வரை அழுதார். நான் கருவாட்டுப் பெட்டியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் சிமியோன் ரயில் ஏறினான். அதற்குப் பிறகு ஒரு கிழமை லூர்த்தம்மா திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயடியில் இருந்தார். பந்து பாயில் விழுந்தால் திரும்பாமலே எடுத்து எறிந்தார். பொறுக்கச் சொல்லவில்லை. பொடியன்கள் தாங்களாகவே வந்து பொறுக்கினார்கள்.

ஒன்பதாம் நாள் சிமியோனின் முதற் கடிதம் வந்தது. நான் கந்தோரைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கடிதத்தோடு பாயடிக்கு ஓடினேன். சட்டமென்று பார்த்தால் அது பிழை. இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தான். சாப்பாட்டில் உறைப்பில்லை. அண்ணையின் வீட்டுக்குப் போனானாம், அண்ணை நத்தாருக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னானாம். அம்மா தந்த கருவாட்டை அறையில் இருக்கிற மூன்று பேரும் இரண்டு நாளில் முடித்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு வரி: இந்த வருடம் கொம்பனியின் இரண்டாம் கன்னையில் ஆடச் சொல்லியிருக்கிறார்கள், முதற் கன்னைக்கு இன்னும் அனுபவம் வேண்டுமாம்.

லூர்த்தம்மா அதுவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், திறந்தார்.

“என்னது? திரும்ப வாசியுங்கோ.”

வாசித்தேன்.

“ரெண்டாம் கன்னையோ? ஆர் சொன்னது?”

“அங்கை ஒரு துரை இருக்கிறாராம். அவர்தான் ஆள் எடுக்கிறது.”

“துரை கருவாடு தின்னுறவரோ?”

“எனக்குத் தெரியாது, அக்கா.”

“தின்னமாட்டார். தின்னுறவரெண்டால் இந்த வேலை செய்யமாட்டார்.” எழும்பிச் சேலையை உதறினார். பாயைப் போட்டபடியே கந்தோரை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நான் முத்திரை விற்கிற பலகையடியில் நின்று, மைக்கூட்டை என் பக்கம் தள்ளினார். “கொக்குவில் கிளாக்கருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. பொடியனை ஏற்கெனவே ரெண்டு வருசம் கூடக் காயவிட்டாச்சு. இனியும் விட்டா முறுகும். உடனை முதற் கன்னைக்கு எடுக்கச் சொல்லி எழுதுங்கோ.”

கழகத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, என் நல்ல கையெழுத்தில், ‘மேற்படி ஆட்டக்காரனின் தாயார் அறியத்தருவது என்னவெனில்’ என்று தொடங்கி, வாய்விட்டு வாசித்தேன். லூர்த்தம்மா தாளின் மேல் கையை வைத்தார்.

“தாய் எண்டு எழுதாதேங்கோ, தபாலையா. தாய்மார் பொய் சொல்லுவினம். கருவாட்டு லூர்த்தம்மா சொல்லுறாள் எண்டு எழுதுங்கோ.”

வேறொரு தாள் எடுத்து அப்படியே எழுதினேன். முத்திரை ஒட்டி, அன்றைய தபாற்பையிலேயே போட்டுக் கட்டினேன்.